மாநிலம் மாறிவரும் பொறிக்காரருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

அமெரிக்க மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்கும், அவை எல்லாம் உறுப்பினராக இருக்கும் மீன் மற்றும் வனவிலங்கு முகமைகள் சங்கத்துக்கும்,

வணக்கம்.

இந்த மடலின் ஆங்கிலப் படியைத் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதிப் பொதுவில் வைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாசசூசெட்ஸின் நடுப்பகுதியில், வூஸ்டரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றில் சில வீடுகளின் கொல்லையில் ஓடையோ சதுப்போ இருக்கிறது. அங்கே பீவர் வந்து அணை கட்டித் தண்ணீர் ஏறிவிட்டால், பொறி வைத்து விலங்கு பிடிக்கத் தெரிந்தவன் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு மாநிலத்தில் பொறி வைக்கக் கற்றவன் இன்னொரு மாநிலத்துக்கு வரும்போது நேரும் தவறைப் பற்றி நான் சொல்லப்போவது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். (பீவரை நம்மவர்கள் நீர்நாய் என்று சொல்லிவிடுகிறார்கள். நீர்நாய் மீன் தின்பது. பீவர் கொறிக்கும் இனம், மரப்பட்டையும் நீர்த்தாவரங்களும் தின்பது. அதனால் பீவர் என்றே எழுதுகிறேன்.)

நான் மன்னார்குடிப் பக்கம் பிறந்தவன். உலோகவியல் படித்தேன். பென்சில்வேனியாவின் வடக்கே எல்க் கவுன்டியில் சென்ட் மேரிஸ் என்றொரு ஊர் இருக்கிறது. உலோகத் தூளை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டு இயந்திர பாகங்கள் செய்யும் ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டில் இருந்த பெரியவர், என் பிள்ளைகள் தாத்தா என்றே கூப்பிட்டவர், அறுபது வருஷமாகப் பொறி வைத்தவர். முதல் குளிர்காலத்தில் அவர் என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் உறைந்த ஓடைக்கரையில் நிறுத்தினார். தண்ணீருக்குள் அவர் இறக்கி வைத்த இரும்புச் சட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. டெல்டா வயல்களில் எலிக்கு வைப்பார்களே மூங்கில் கிட்டி, அதன் இரும்புத் தம்பி அது. மூங்கிலை வில்லாக வளைத்து நாண் ஏற்றி வரப்போரம் நட்டுவைப்பார்கள். எலி இரையைத் தொட்டதும் வில் விடுபட்டு அடிக்கும். கிட்டி வைக்கத் தெரிந்தவர்களை என் அப்பா கூலிக்கு அழைப்பார். பிடித்த எலியை எண்ணித்தான் கூலி. அவர்கள் வயலில் நடக்கும்போது அவ்வளவு கவனமாக நடப்பார்கள்.

அந்தக் கவனத்தை மறுபடி பார்த்தது சென்ட் மேரிஸில்தான். பெரியவர் எனக்குச் சொல்லித்தந்தது பொறி வைக்க மட்டும் இல்லை. எங்கே வைக்கக் கூடாது, எப்போது போய்ப் பார்க்க வேண்டும், பிடிபட்ட உயிரைக் காக்க வைக்காமல் எப்படி முடிக்க வேண்டும் என்பதும் சேர்த்துத்தான். பென்சில்வேனியாவின் விதிகள் அவருக்கு மனப்பாடம். உடலைப் பிடித்துக் கொல்லும் கிட்டியை நீரோட்டத்துக்குள் மட்டுமே வைக்கலாம். ஒவ்வொரு பொறியிலும் வைத்தவரின் பெயரும் முகவரியும், அல்லது அவருக்குக் கொடுத்த எண் பொறித்த தகடும் தொங்க வேண்டும். 36 மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தே ஆக வேண்டும். பீவருக்குப் பொறி வைக்கும் பருவம் டிசம்பர் 26-ல்தான் தொடங்கும். பீவரின் அணையிலிருந்தும் வீட்டிலிருந்தும் 15 அடிக்குள் பொறி கூடாது. தரையில் கம்பிக் கண்ணி வைக்கத் தனியாக ஒரு வகுப்பு முடித்திருக்க வேண்டும். இவற்றைச் சட்டமாக நினைத்துக்கூட நான் கற்கவில்லை. பொறி வைப்பது என்றால் இப்படித்தான் என்று என் கையும் காலும் பழகிவிட்டன.

மூன்று வருஷத்துக்கு முன்பு வேலை மாறி மாசசூசெட்ஸ் வந்தேன். நான் உங்களிடம் பேச விரும்புவது இந்த மாற்றத்தைப் பற்றி.

சட்டம் மாறும் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் காட்டு விலங்குகளைக் காக்கும் பொறுப்பும் அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரமும் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்திடம். அதனால் ஐம்பது மாநிலத்தில் ஐம்பது விதிப் புத்தகம். மாசசூசெட்ஸ் மக்கள் 1996 நவம்பரில் வாக்களித்து, கால்பொறி, கிட்டி, கண்ணி எல்லாவற்றையும் தடை செய்தார்கள். நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர் அதை ஆதரித்தார்கள். எலிப்பொறி போன்ற சில விலக்குகள் போக, பொறிக்காரருக்கு மிஞ்சியது கூண்டுப்பொறி மட்டுமே. அதே நாளில் கொலராடோவிலும் இதேபோன்ற வாக்கெடுப்பு நடந்து, தடை அம்மாநிலத்தின் அரசியலமைப்பிலேயே ஏறியது. அரிசோனா 1994-ல் பொது நிலங்களில் தடுத்தது. வாஷிங்டன் 2000-ல் பெரும்பாலான பொறிகளைத் தடுத்தது. நியூ ஜெர்சி இரும்புத் தாடை கொண்ட கால்பொறியை 1984-லேயே விலக்கிவிட்டது. நியூ மெக்சிகோவில் கண்ணியில் சிக்கி இறந்த ராக்ஸி என்ற நாயின் பெயரால் சட்டம் வந்து, 2022 ஏப்ரல் முதல் பொது நிலங்களில் பொறியும் கண்ணியும் இல்லை. கலிபோர்னியா 2019-ல் ஃபருக்காக, அதாவது முடியோடு உரிக்கும் தோலுக்காக, பொறி வைப்பதையே முழுக்க நிறுத்திவிட்டது. இன்னொரு பக்கம், ஐடஹோவில் பொறியைப் பார்க்க 72 மணி நேரம் கொடுக்கிறார்கள். நெவாடாவில் 96. விஸ்கான்சினில் தரையில் வைத்தால் தினமும் பார்க்க வேண்டும். உரிமத்துக்கு உள்ளூர்க்காரர் ஆவதற்கே விஸ்கான்சினில் 30 நாள் குடியிருந்தால் போதும், மொன்டானாவில் 180 நாள் வேண்டும், வயோமிங்கில் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

இவற்றில் எது சரி, எது தவறு என்று வாதாட இந்த மடலை எழுதவில்லை. எனக்குக் கருத்து இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. நீருக்குள் சரியாக வைத்த, பீவர் அளவுக்கான 330-ம் எண் கிட்டி, கூண்டில் ஓர் இரவு முழுக்கக் கம்பியைக் கடித்துக்கொண்டு கிடப்பதைவிட பீவருக்கு இரக்கமான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் இந்த மாநிலத்து மக்கள் வாக்களித்து முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் பிழைக்க வந்தவன் நான். அவர்கள் சட்டத்தின்படி நடப்பது என் கடமை. அந்தக் கடமையை முழு மனதோடு செய்ய வந்தும் நான் தவறினேன். எப்படித் தவறினேன் என்பதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

புது மாநிலத்தின் விதிப் புத்தகத்தை வாங்கி வரி விடாமல் படித்தேன். கிட்டி கூடாது என்று தெரிந்துகொண்டேன். கொட்டகையில் தொங்கிய பன்னிரண்டு கிட்டிகளையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் போட்டு, பென்சில்வேனியாவில் இருக்கும் பெரியவரின் பேரனுக்கு அனுப்பிவிட்டேன். சூட்கேஸ் மாதிரி இரண்டு பாதியாக விரிந்து மூடும் பீவர் கூண்டு இரண்டு வாங்கினேன். ஒன்றின் விலையே பல நூறு டாலர். எடை பத்து கிலோவுக்கு மேல். ஒரு கையில் நான்கு கிட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடை ஏறியவனுக்கு இது வேறு உலகம். உரிமம் வாங்கினேன். பொறியில் பொறிக்க வேண்டிய எண் வாங்கினேன். பருவம் நவம்பர் 1-ல் தொடங்குகிறது என்று நாட்காட்டியில் வட்டம் போட்டேன். சட்டப்படி எல்லாம் சரி.

அந்த நவம்பரில்தான் ஒரு தமிழ்க் குடும்பம் கூப்பிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஓடையில் பீவர் அணை கட்டி, தண்ணீர் ஏறி, கழிவுநீர்த் தொட்டியின் உறிஞ்சுகுழிப் பக்கம் வரை வந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். அந்த வீட்டம்மா பயந்துபோய் இருந்தார். கூண்டைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"அண்ணா, கூண்டுல பிடிச்சு எங்கயாவது காட்டுல விட்டுடுவீங்கதானே?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸில் காட்டு விலங்கை ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் விடுவது சட்டப்படி குற்றம். அதற்குக் காரணமும் இருக்கிறது. நோய் பரவலாம். ஏற்கெனவே வேறு பீவர் குடும்பம் இருக்கும் ஓடையில் இதைக் கொண்டுபோய் விட்டால் சண்டையில் கடிபட்டுச் சாகலாம். இல்லாவிட்டால் நம் தொல்லையை அடுத்தவர் கொல்லைக்கு மாற்றுவதாக ஆகும். கூண்டில் அகப்பட்ட பீவரை அங்கேயே விட வேண்டும், அல்லது அங்கேயே கொல்ல வேண்டும். இதைச் சொன்னபோது அந்தத் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப கூண்டு எதுக்கு?" என்று கணவர் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. நான் பதில் சொல்லத் தடுமாறினேன். கடைசியில், வேறு வழி இல்லையென்றால் செய்யுங்கள் என்றார்கள்.

அணையின் ஓரத்தில், பீவர் கரையேறும் தடத்தில் ஒரு கூண்டை வைத்தேன். காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன், காலியாக இருந்தது. அன்று இரவு பெருமழை. மறுநாள் ஆலையில் காலையிலிருந்து கூட்டம். மதியம் மூன்று மணிக்குத்தான் போக முடிந்தது. இங்கே தினமும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் நாள் காலை பார்த்தேன், மறுநாள் மதியம் பார்த்தேன். விதி மீறவில்லை. இடையில் ஓடியது 33 மணி நேரம். பென்சில்வேனியாவில் பழகிய மனசு உள்ளுக்குள் கணக்குப் போட்டு, 36-க்குள் தானே என்று நிம்மதியாக இருந்தது.

கூண்டு மூடியிருந்தது. உள்ளே பீவர் செத்துக் கிடந்தது.

மழையில் ஓடை ஒரு சாண் உயர்ந்து, கூண்டின் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றிருக்கிறது. மூழ்கிச் சாகவில்லை. தலைக்கு மேலே இடம் இருந்தது. குளிரில் செத்திருக்கிறது. பீவரின் உள்முடி அவ்வளவு அடர்த்தி. நீந்தும்போது அதற்குள் காற்று தங்கி, தோலில் தண்ணீர் படாமல் காக்கும். ஆனால் அந்த முடியை அது ஓயாமல் கோதி எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். கூண்டுக்குள் திரும்பக்கூட இடமில்லாமல் மணிக்கணக்கில் பனித்தண்ணீரில் கிடந்ததும் முடி நனைந்து தோல் வரை ஊறிவிட்டது. கையை வைத்தபோது தோலே ஈரமாக இருந்தது. முன்பற்கள் கம்பியைக் கடித்துக் கடித்து முனை உடைந்திருந்தன. ஆயிரம் தடவை பீவரைக் கையில் தூக்கியிருக்கிறேன். அன்றைக்குத் தூக்கியதை மறக்க முடியவில்லை.

ஒரு மாநிலத்துச் சட்டத்துக்கு முழுதாகக் கீழ்ப்படிந்தேன். இரக்கத்துக்காக எழுதப்பட்ட சட்டம் அது. அதன் கீழ் நான் வைத்த பொறியில் ஒரு விலங்கு எனக்குத் தெரிந்த எந்தச் சாவையும்விட மோசமாகச் செத்தது. சட்டத்தின் மேல் தவறு இல்லை, என் கையின் மேல் தவறு. கிட்டிக்குப் பழகிய கை அது. கிட்டியைத் தண்ணீருக்குள் ஆழமாக இறக்கினால் நல்லது. கூண்டை ஆழமாக இறக்கினால் கொடுமை. கிட்டி வைத்தவனுக்கு மழை பெய்தால் கவலை இல்லை, அகப்பட்ட விலங்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். கூண்டு வைத்தவன் மழை வரும் என்று தெரிந்தால் அன்று கூண்டை மூடி வைத்துவிட வேண்டும், இல்லை விடியுமுன் போய் நிற்க வேண்டும். மூடியபின் கூண்டின் பெரும்பாகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி, உள்ளங்கை ஆழத் தண்ணீரில், கரையோடு இறுக்கி வைக்க வேண்டும். உருண்டு ஆழத்துக்குப் போகாமல் மேலே ஒரு மரத்தில் சங்கிலியால் கட்ட வேண்டும். இவை எதுவும் நான் வாங்கிய விதிப் புத்தகத்தில் இல்லை. அது சட்டத்தைச் சொல்லும் புத்தகம், கைவேலையைச் சொல்லும் புத்தகம் இல்லை. இந்த ஊர்க்காரருக்கு அவர் அப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் கற்ற இடத்தில் கூண்டு பீவருக்கு வைப்பதே அபூர்வம்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என்னைப் போல மாநிலம் விட்டு மாநிலம் வருகிறவர்கள் நிறைய. ராணுவத்தில் இருப்பவர்கள், எண்ணெய் வயலில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றுப் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகிறவர்கள். பொறிக்காரர் பயிற்சிச் சான்றிதழ் ஒரு மாநிலத்தில் வாங்கினால் பல மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாருங்கள், சான்றிதழ் எல்லையைத் தாண்டும்போது அதோடு பழைய ஊரின் பழக்கமும் சேர்ந்து தாண்டுகிறது. அதைக் கழற்றி வைக்க எல்லையில் யாரும் சொல்வதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை.

ஒவ்வொரு மாநிலத்தின் விதிப் புத்தகத்திலும் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், வேறு மாநிலத்தில் கற்றவர்களுக்கு என்று ஒதுக்குங்கள். இப்போது புத்தகங்கள் விலங்கு வாரியாகப் பிரித்திருக்கின்றன. பீவருக்கு எப்போது, மஸ்க்ராட் என்ற நீர் எலிக்கு எப்போது, நரிக்கு எப்போது என்று. வெளியூரிலிருந்து வருகிறவன் விலங்கைக் கேட்பதற்கு முன் கருவியைக் கேட்கிறான். என் கையில் இருக்கும் இந்தப் பொறி இங்கே செல்லுமா, எங்கே செல்லும், தண்ணீரிலா தரையிலா, எத்தனை அங்குலம் வரை, எத்தனை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இதை ஒரு பக்கத்தில் கருவி வாரியாக எழுதினால் பாதித் தவறு நடக்காது. அந்தப் பக்கத்தில் உங்கள் அண்டை மாநிலங்களோடு எங்கே வேறுபடுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் இன்னும் நல்லது. பென்சில்வேனியாவிலிருந்து வருகிறவர் எதை மறக்க வேண்டும் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பார்க்கும் நேரம் பற்றி எழுதும்போது ஏன் என்பதையும் எழுதுங்கள். தினமும் ஒருமுறை என்று மட்டும் எழுதினால், நான் செய்ததுபோல ஒரு நாள் விடியற்காலை, மறுநாள் சாயங்காலம் என்று சட்டத்துக்குள்ளேயே நீட்டிக்கொண்டு போக முடியும். கூண்டில் இருப்பது உயிரோடு இருப்பது, குளிரிலும் மழையிலும் அதற்கு மணி நேரம்தான் கணக்கு என்று ஒரு வரி இருந்திருந்தால் நான் அன்று கூட்டத்தை விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அப்புறம் கைவேலை. மீன் மற்றும் வனவிலங்கு முகமைகள் சங்கம் 1997 முதல் பொறிகளைச் சோதித்து, எந்த விலங்குக்கு எது தகும் என்று வழிகாட்டி எழுதிவருவதை நான் மதிக்கிறேன். கால்பொறி வைக்கும் நாடுகளிலிருந்து சில விலங்குகளின் ஃபரை வாங்க மாட்டோம் என்று 1991-ல் ஐரோப்பா சட்டம் போட்ட பிறகு தொடங்கிய வேலை அது. கொல்லும் பொறியில் பத்துக்கு ஏழு விலங்காவது 300 நொடிக்குள் நினைவு இழக்க வேண்டும் என்ற அளவுகோலை நீங்கள்தான் வகுத்தீர்கள். பீவருக்கான கூண்டையும் அதே அக்கறையோடு சோதித்திருக்கிறீர்கள். சோதித்துத் தெரிந்துகொண்டதை, அந்தக் கூண்டை முதன்முதலாகக் கையில் எடுக்கும் நடுவயதுக்காரனிடம் கொண்டுசேர்ப்பதுதான் மிச்சம். அரை நாள் போதும். உள்ளூரில் அனுபவமுள்ள ஒருவர், ஓர் ஓடை, இரண்டு கூண்டு. முதல்முறை உரிமம் வாங்கும் பிள்ளைகளுக்கு முழு வகுப்பு நடத்துகிறீர்கள். இருபது வருஷ அனுபவத்தோடு வருகிறவனுக்குத்தான் அதைவிட அதிகம் தேவை, ஏனென்றால் அவன் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வருகிறான்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். கூண்டுப்பொறியைப் பற்றி எழுதும்போது, பிடித்ததை வேறிடத்தில் விட முடியாது என்பதைப் பொதுமக்கள் படிக்கும் இடத்திலும் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்தத் தமிழ்க் குடும்பம் மட்டும் இல்லை, என்னைக் கூப்பிடும் எல்லோரும் கூண்டு என்றால் விடுதலை என்று நினைக்கிறார்கள். முதலிலேயே தெரிந்தால் அவர்கள் வேறு வழியைத் தேடுவார்கள். வழியும் இருக்கிறது.

அந்த வீட்டில் கடைசியில் அதைத்தான் செய்தோம். அந்தப் பீவர் செத்த பிறகு நான் அவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. கணவர்தான், இனிமேல் வேண்டாம் அண்ணா, வேற ஏதாவது பண்ணுங்க என்றார். ஊரின் இயற்கைப் பாதுகாப்புக் குழுவிடம் விண்ணப்பித்து, அனுமதி வாங்கி, அணைக்குள் ஒரு நீண்ட குழாயைப் பதித்தோம். குழாயின் மேல்முனை குளத்துக்குள் தூரத்தில், சுற்றிக் கம்பிவலைக் கூண்டு போட்டு, பீவருக்குத் தண்ணீர் ஓடும் சத்தமோ இழுப்போ தெரியாதபடி. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும் இடத்தைத்தான் அது அடைக்கும். சத்தம் இல்லாவிட்டால் அணையை உயர்த்தத் தோன்றாது. தண்ணீர் இரண்டு அடி இறங்கியது. மீதிப் பீவர்கள் அங்கேயே இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை நான் போய் வலையில் சேர்ந்த குப்பையை எடுத்துவிட்டு வருகிறேன்.

எல்லா இடத்திலும் குழாய் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996 தடைக்குப் பிறகு சில வருஷங்களிலேயே இந்த மாநிலத்தில் பீவர் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. கிணறுகளும் சாலைகளும் கழிவுநீர்க் குழிகளும் மூழ்கியதால், 2000-ல் சட்டத்தைத் திருத்தி, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்போது ஊரின் சுகாதாரக் குழு பத்து நாள் அவசர அனுமதி கொடுக்கலாம் என்று வைத்தார்கள். அந்த அனுமதி இருந்தால் கிட்டியும் வைக்கலாம். கொல்லையில் தண்ணீர் ஏறினால் முதலில் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் தமிழ் நண்பர்களுக்கு என் பதில்: உங்கள் ஊரின் சுகாதாரக் குழு. நீங்களாக மண்வெட்டி எடுத்து அணையை உடைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் அதுவும் குற்றம். உடைத்தாலும் இரண்டே இரவில் பீவர் திரும்பக் கட்டிவிடும்.

ஒரு விஷயத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பென்சில்வேனியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவுக்குள் பீவரே இல்லாமல் போயிருந்தது. 1917-ல் விஸ்கான்சினிலிருந்து ஒரு ஜோடியைக் கொண்டுவந்து கேமரன் கவுன்டியில் விட்டார்கள். நான் இருந்த எல்க் கவுன்டிக்கு அடுத்த கவுன்டி அது. 1934-ல் மறுபடி பருவம் திறக்கும் அளவுக்கு அவை பெருகின. மாசசூசெட்ஸிலும் பீவர் அற்றுப்போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகி, 1928-ல் வெஸ்ட் ஸ்டாக்பிரிட்ஜில் ஒன்று தென்பட்டது. 1932-ல் நியூயார்க்கிலிருந்து மூன்றைக் கொண்டுவந்து லெனாக்ஸில் விட்டார்கள். நான் பழகிய இரண்டு மாநிலத்துப் பீவர்களுமே மாநிலம் விட்டு மாநிலம் வந்தவற்றின் வாரிசுகள். அவற்றைக் கொண்டுவந்தவர்கள் வெறுமனே இறக்கிவிட்டுப் போகவில்லை. எந்த ஓடை, எவ்வளவு தண்ணீர், தின்ன என்ன மரம் இருக்கிறது என்று பார்த்துத்தான் விட்டிருப்பார்கள்.

பெரியவரிடம் தொலைபேசியில் அந்தக் கூண்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு இப்போது எண்பத்தாறு வயது. வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், கூண்டை எவ்வளவு ஆழத்தில் வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். மூடியதும் அது எப்படி நிற்கும் என்று முதலில் வெறும் கூண்டை மூடிப் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வைப்பதற்கு முன் ஒரு குச்சியால் தட்டி மூடவைத்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் திறந்து வைக்கிறேன். உங்கள் ஒரு பக்கத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். சொன்னது அவர், என் பெயர் வேண்டாம்.

வரும் அக்டோபர் முதல் சனிக்கிழமையிலிருந்து, பருவம் திறக்கும் வரை ஒவ்வொரு சனிக்கிழமை காலையும், என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடையில் இரண்டு கூண்டோடு இருப்பேன். வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்கே முதல்முறை கூண்டு வைக்கப்போகிறவர்கள் யாராவது இருந்தால், உங்கள் துறை அலுவலர் மூலம் சொல்லியனுப்புங்கள். முழங்கால் வரை நனையாத காலணி அணிந்து வரச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மத்திய மாசசூசெட்ஸிலிருந்து ஒரு பொறிக்காரன்